வாட்டர் ஸ்கூட்டரில் பெட்ரோல் ஃபில்ட்டர் மாற்ற மாற்ற அடைக்கிறதே, ஏன்?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது: மணப்பாட்டில் ஓட்டுவதற்கென்று பழைய டூ-ஸ்ட்ரோக் வாட்டர் ஸ்கூட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். கார்புரேட்டர் வண்டி. கிளப்பினால் கிளம்புகிறது, மெதுவாகப் போனால் போகிறது, ஆக்சிலேட்டரை முழுதாக அமுக்கினால் மூச்சு முட்டி இறங்குகிறது. ஃபில்ட்டரை மாற்றினால் நாலு நாள் நன்றாக ஓடுகிறது, அப்புறம் பழைய கதைதான்.

நான் உவரிப் பக்கம் வள்ளங்களுக்கு அவுட்போர்டு எஞ்சின் வேலை பார்ப்பவன். வாட்டர் ஸ்கூட்டர் எப்போதாவதுதான் கைக்கு வரும். ஆனால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டையும் கெடுப்பது அதே உப்புக்காற்றும் அதே பெட்ரோல் கேனும்தான்.

கழற்றிய ஃபில்ட்டரை என்ன செய்தீர்கள்? தூக்கிப் போட்டிருந்தால் அடுத்த தடவை போடாதீர்கள். வள்ளக்காரர்களும் இப்படித்தான், "அண்ணாச்சி, எஞ்சின் தூக்க மாட்டேங்கு, ஃபில்ட்டரை மாத்திப் போடுங்க" என்று வந்து நிற்பார்கள். மாற்றிப் போடுவது பத்து நிமிட வேலை. அதை வெட்டிப் பிரித்து உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை. அடைத்துக்கொண்டது ஃபில்ட்டரின் குற்றமில்லை, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எத்தனை மாற்றினாலும் நாலு நாள்தான்.

அதற்கு முன்னால், இது பெட்ரோல் கோளாறுதானா என்று உறுதி செய்யுங்கள். எஞ்சின் சத்தம் உச்சத்துக்கு ஏறுகிறது, வண்டி மட்டும் வேகம் பிடிக்கவில்லை என்றால் ஃபில்ட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடியில் தண்ணீர் உறிஞ்சும் இடத்துக் கம்பியில் நைலான் வலைத் துண்டு சுற்றியிருக்கலாம், நம் கரையில் அது சாதாரணம். அல்லது தண்ணீரைப் பின்னால் தள்ளுகிற உள்விசிறியான இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவே தேய்மானம் கூடியிருக்கும். எஞ்சின் சத்தமே ஏறாமல் அமுங்கி, கையை எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி சரியாகிறது என்றால்தான் பெட்ரோல் போதவில்லை என்ற சந்தேகத்துக்கு வர வேண்டும். பிளக்கையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள், அது செலவில்லாத காரியம்.

அடுத்தது டேங்குக்குக் காற்று போகிற குழாய். அதில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும். வெளிக்காற்று உள்ளே போகலாம், வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியே கொட்டக்கூடாது, அதற்காக வைத்தது. உப்புப் பூத்து அது ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்றழுத்தம் இறங்கும், பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. வண்டி திணறும்போது கரையொதுக்கி, எஞ்சினை நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, அதன்பிறகு வண்டி கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனால் வால்வுதான் குற்றவாளி. புது ஃபில்ட்டர் போட்டதும் முதலில் சரியாக ஓடுவதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். மாற்றும்போது நீங்கள் மூடியைத் திறந்திருப்பீர்கள்.

வால்வு நன்றாக இருந்தால் ஃபில்ட்டருக்கு வருவோம். வெள்ளைத் துணி மேல் வைத்து வெட்டுங்கள்.

கறுப்பாக, பிசுபிசுவென்று, விரலில் மை ஒட்டுகிற மாதிரி இருந்தால் பெட்ரோல் டியூப் உள்ளுக்குள் கரைகிறது. வெளியே பார்க்க முழுசாக இருக்கும், உள்சுவர் உதிர்ந்துகொண்டிருக்கும். பச்சையாகக் களிம்பு மாதிரி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1990-களில் வந்த சில வாட்டர் ஸ்கூட்டர்களில் சாம்பல் நிற டியூப் போட்டிருந்தார்கள். அது வயதானால் உள்ளே பச்சைக் களிம்பாக மாறி, பெரிய ஃபில்ட்டரையும் தாண்டி, கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பொடி வலையில் போய் உட்காரும். உங்கள் வண்டி அந்தக் காலத்தது, டியூப் சாம்பல் நிறம் என்றால் யோசிக்கவே வேண்டாம். எல்லா டியூபையும் மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து அந்த வலையைக் கழுவுங்கள். வெளி ஃபில்ட்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலருக்கு அந்த வலை இருப்பதே தெரியாது.

வெள்ளைப் பொடி என்றால் ஈரம் பட்டு அலுமினியம் அரிக்கிறது. அரக்கு நிறத்தில் பிசின் என்றால் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து கெட்டிருக்கிறது.

செம்மண் நிறத்தில் பொடி இருந்தால்தான் நம் ஊரில் குழப்பம். அது இரும்பு டிரம்மின் துருவா, கேனுக்குள் விழுந்த மணலா? காந்தத்தைக் காட்டு, ஒட்டினால் துரு என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். வேறு ஊரில் சரியாக இருக்கலாம், திருநெல்வேலிக் கடற்கரையில் அந்தச் சோதனையை நம்ப முடியாது. நம் கரை மணலில் இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. நல்ல காந்தமாக இருந்தால் அந்த மணலும் போய் ஒட்டும். நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது, தேரிக்காட்டு மணலே சிவப்புதான். ஆடியில் மேல்காற்று அடிக்கிறபோது திறந்து வைத்த கேனுக்குள் மணல் விழாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆகவே காந்தத்தை விட்டுவிட்டு, பொடியை உலர்த்தி இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். நசுங்கிச் செம்பொடியாக இழுபட்டால் துரு. நறநறவென்று கீறல் விழுந்தால் மணல். துரு என்றால் டிரம்மை மாற்ற வேண்டும். மணல் என்றால் கேனையும் புனலையும் வைக்கிற இடத்தை மாற்ற வேண்டும்.

கேன் என்றதும் இன்னொன்று. வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோன கேனிலேயே பெட்ரோல் வாங்கிவரும் பழக்கம் கரையில் உண்டு. அடியில் தங்கிய மண்டியெல்லாம் உங்கள் டேங்குக்குள் போகும். வாட்டர் ஸ்கூட்டருக்குத் தனிக் கேன் வைத்துக்கொள்ளுங்கள், வேறு நிறத்தில்.

ஃபில்ட்டரில் அழுக்கே இல்லை, தண்ணீர்தான் நிற்கிறது என்றால் கதை வேறு. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல அவுட்போர்டு, வாட்டர் ஸ்கூட்டர் கையேடுகளில் 10 சதவீதம் வரைக்கும்தான் அனுமதி போட்டிருக்கும். பழைய வண்டியின் ரப்பர் சாமான்கள் இதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், அதுவரை ஒன்றும் தெரியாது. அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் போய் உட்காரும். உறிஞ்சுகுழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. பழைய டேங்குச் சுவரில் வருஷக்கணக்காகப் படிந்த பிசினையும் எத்தனால் இளக்கி விடும். கைமாறி வந்த வண்டியில் ஃபில்ட்டர் திரும்பத் திரும்ப அடைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் மேலே இருக்கும் பெட்ரோலையும் நம்ப வேண்டாம், முழுவதையும் இறக்கிவிடுங்கள். எத்தனால் போனதும் அதன் ஆக்டேனும், அதாவது எஞ்சின் தட்டாமல் எரிகிற தரமும், குறைந்திருக்கும்.

உங்கள் வண்டியில் ஆன், ரிசர்வ் என்று திருகும் வால்வு இருந்தால் அதுவும் ஒரு துப்பு கொடுக்கும். உள்ளே இரண்டு குழாய், இரண்டு உயரம். பெட்ரோல் நிறைய இருக்கும்போது ஆனில் திணறி ரிசர்வில் ஒழுங்காக ஓடினால் மேல்குழாயின் வலை அடைத்திருக்கிறது. ஆனில் ஓடி, ரிசர்வில் போட்டதும் செத்தால் அடியில் தண்ணீர் இருக்கலாம்.

வள்ளத்தில் என்றால் பெட்ரோல் டியூபின் நடுவே கையால் அமுக்குகிற ரப்பர் பல்ப் பாதி வேலையைச் சொல்லிவிடும். ஓடும்போது சப்பிப் போனால் அடைப்பு டேங்குப் பக்கம், இறுகி நின்றும் எஞ்சின் திணறினால் எஞ்சின் பக்கம். உங்கள் வண்டியில் பல்ப் இருக்காது. அதற்குப் பதிலாகச் சுத்தமான பெட்ரோல் ஊற்றிய சின்னக் கேனிலிருந்து நேராக பம்புக்கு டியூப் கொடுத்துப் பாருங்கள். ஆயில் கலந்து ஓட்டுகிற வண்டி என்றால் கேன் பெட்ரோலிலும் அதே அளவு ஆயில் கலக்க வேண்டும். மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் டியூபையும் அதே கேனில் விட வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டியை டிரெய்லரோடு கட்டி, அடியில் மூன்றடித் தண்ணீராவது இருக்கும் இடத்தில், சீட்டைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். ஆழம் குறைந்தால் மணலை உறிஞ்சும். கேனில் நன்றாக ஓடினால் எஞ்சினை விட்டுவிட்டு டேங்க், வால்வு, டியூப் பக்கம் தேடலாம்.

திசையன்விளையிலோ வள்ளியூரிலோ பைக் கடையில் கிடைக்கும் சின்ன பிளாஸ்டிக் ஃபில்ட்டரை வாங்கிச் சொருகாதீர்கள். பைக் ஒரு மணி நேரத்தில் குடிப்பது ஒன்று, இரண்டு லிட்டர். வாட்டர் ஸ்கூட்டர் முழு வேகத்தில் 20, 30 லிட்டர்கூடக் குடிக்கும். அந்தச் சின்ன ஃபில்ட்டர் புதிதாக இருக்கும்போதே பாதி அடைப்புதான். மேலும் அதிர்வில் விரிசல் விட்டால் பெட்ரோல் மூடிய உடலுக்குள் கசியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். தண்ணீர் பிரிக்கிற 10 மைக்ரான் ஃபில்ட்டர், அம்புக்குறி எஞ்சினைப் பார்த்தபடி, துருப்பிடிக்காத கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் முடிக்கும்வரை "மெதுவா ஓட்டிக்கிடலாம்" என்று சவாரி விடாதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து சூடு ஏறும். ஆயில் கலந்து ஓட்டுகிற வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் குறையும். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பல ஆயிரம் ரூபாய் போய்விடும்.

புது ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கேன் சோதனை செய்ய வேண்டாம். அதில் பம்பும் வலையும் டேங்குக்குள்ளேயே இருக்கும், டியூபில் அழுத்தம் அதிகம். அழுத்தத்தை இறக்காமல் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும்.

வண்டி எந்த வருஷத்து மாடல், டியூப் என்ன நிறம், ஃபில்ட்டரை வெட்டியதில் என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். படம் போட்டால் இன்னும் நல்லது.