எக்ஸ் எப்படி எக்ஸ் + 1 ஆகும்?

அன்புள்ள ஐயா,

முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பொழுது போகப் ஜிடபிள்யூ-பேசிக் என்ற பழைய நிரல்மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்ற வரியைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். கணிப்பொறி மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது?

- ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் அடித்திருந்தால் அது நியாயமே. அந்த வரியில் ஒரு சொல்லைக் காணவில்லை. 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் பேசிக்கை உருவாக்கிய ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் உங்களைப் போலக் கணிதம் கற்பித்தவர்கள்தான். அவர்கள் மொழியில் 'லெட் (ஆகட்டும்) எக்ஸ் = எக்ஸ் + 1' என்று எழுதியாக வேண்டியிருந்தது. பிற்பாடு வந்த மைக்ரோசாஃப்ட் பேசிக் வகைகளில் லெட் கட்டாயமில்லை என்றானது. தட்டச்சு மிச்சம் என்று எல்லாரும் அதைக் கைகழுவிவிட்டார்கள். சேமிக்கக் கூடாத இடத்தில் சேமித்தார்கள் என்பேன். சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணிப்பொறி விடாப்பிடியாக நின்றது. அதில் வரித் தொடக்கத்தில் எல் விசையைத் தட்டினால் லெட் முழுதாக வந்து விழும்.

லெட் இருந்தால் அது சமன்பாடு அல்ல, கட்டளை என்பது தெரிந்துவிடும். முதலில் வலப்பக்கம் கணக்கிடப்படுகிறது. எக்ஸில் 4 இருந்தால் விடை 5. பிறகு இடப்பக்கப் பெயருக்கு எதிரே 4 அழிந்து 5 ஏறுகிறது. எக்ஸ் போன்ற மாறியைப் புத்தகங்கள் பெட்டி என்கின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை. பெட்டியிலிருந்து எடுத்தால் பெட்டி காலியாகும். 'ஏ = பி' என்றால் பி காலியாவதில்லை. உங்கள் கரும்பலகைதான் பொருத்தம்: பி-யைப் பார்த்து ஏ-யில் எழுதுகிறோம், ஏ-யில் இருந்தது அழிகிறது. அதனால்தான் 'ஏ = பி', அடுத்த வரியில் 'பி = ஏ' என்று எழுதி இரண்டையும் இடம் மாற்ற முடியாது. ஏ-யின் பழைய மதிப்பு முதல் வரியிலேயே போய்விட்டது. அதை முன்னதாக மூன்றாவது மாறி ஒன்றில் எழுதி வைத்திருக்க வேண்டும். (ஜிடபிள்யூ-பேசிக்கில் இதற்கென்றே ஸ்வாப் என்று ஒரு கட்டளை உண்டு.)

உங்கள் சிவப்பு மைக்கு இன்னும் வேலை இருக்கிறது. பி, சி இரண்டிலும் 5 வைத்துவிட்டு 'ஏ = பி = சி' என்று எழுதிப் பாருங்கள். முதல் சமக்குறி கட்டளை. இரண்டாவது, 'இவை சமமா?' என்ற கேள்வி. ஆம் என்பதற்கு ஜிடபிள்யூ-பேசிக்கில் மதிப்பு -1. ஏ-யை அச்சிட்டால் 5 வராது, -1 தான் வரும்.