டின் சூப்பை உண்மையாகவே ரசித்துச் சாப்பிடுபவர்கள் இருக்கிறீர்களா? எந்த வகை, எப்படி?

இருக்கிறோம். கேள்வியில் அந்த "உண்மையாகவே" என்ற சொல்லைப் பார்த்ததும், யாரோ உங்கள் அலமாரியைத் திறந்து பார்த்து முகம் சுளித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கும் அது நடந்திருக்கிறது. என் முதலிடம் தக்காளி சூப்புக்கு. தண்ணீர் ஊற்றாமல், பால் ஊற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி வண்டியிலிருந்து விழுந்து தாடை எலும்பு முறிந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டி, ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த தாளில் உணவு என்ற இடத்துக்கு நேராக "திரவம்" என்று ஒரே ஒரு சொல். அந்தத் தாளை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. மாத்திரைக்கு வேளை, அளவு, எத்தனை நாள் என்று எல்லாம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மனிதன் ஆறு வாரம் எதைக் குடித்து இருப்பான் என்று நான்கு வரி எழுதத் தோன்றவில்லை. வாந்தி வந்தால் என்ன செய்வது என்பதைக்கூட நானே தொலைபேசியில் அழைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் இரண்டு நாள் காய்கறிகளை வேகவைத்து அரைத்துக் கொடுத்தேன். எத்தனை முறை வடிகட்டினாலும் ஒரு நார், ஒரு தோல் துணுக்கு கம்பியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதை எடுக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் தவிப்பான். மூன்றாம் நாள் ஒரு தக்காளி சூப் டின்னைத் திறந்தேன். மழமழவென்று இருந்தது, ஒரு துணுக்கு இல்லை. மிச்சம் வைக்காமல் உறிஞ்சிக் குடித்தான்.

அது சுண்டிய சூப். 1897இல் அமெரிக்காவின் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தில் ஜான் டோரன்ஸ் என்ற வேதியியலாளர் கொண்டுவந்த முறை: தண்ணீரைக் குறைத்து அடைத்தால் டின் சிறிதாகும், ஏற்றி அனுப்பும் செலவும் குறையும். ஒரு டின் சூப்புக்கு ஒரு டின் தண்ணீர் என்று மேலே எழுதியிருப்பது அதனால்தான். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தவனுக்குத் தண்ணீரை ஏன் ஊற்ற வேண்டும்? பாலை ஊற்றினேன். முதல் தடவை திரிந்துவிட்டது. தக்காளியின் புளிப்பு சும்மா விடாது. பிறகு கைவந்த முறை இது: பாலைத் தனியாகச் சூடாக்குங்கள், சூப்பை வேறு பாத்திரத்தில் சூடாக்குங்கள், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூப்பில் விட்டுக் கலக்குங்கள், அதன்பின் கொதிக்க விடாதீர்கள்.

நான்காவது வாரம் சித்தி பார்க்க வந்தார். வரிசையாக நின்ற டின்களைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு டப்பாவில் இருப்பதையா கொடுக்கிறாய்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன் என்று நினைக்கிறேன். டின்னை மூடிய பிறகு சுமார் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக் கிருமிகளை அழிக்கிறார்கள். அது கெடாமல் இருப்பது அந்தச் சூட்டினால்.

உப்பு பற்றி எழுத வருகிறவர்களுக்கு: தெரியும். பல டின்களில் ஒரு கிண்ணத்துக்கு 500 முதல் 900 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வேளையும் குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. தம்பிக்கு உப்புக் குறைந்த வகையைத்தான் தேடி வாங்கினேன். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டின்னின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். வீங்கிப் புடைத்திருக்கும் டின்னை யாராக இருந்தாலும் திறக்காமல் தூக்கிப் போடுங்கள்.

மற்ற வகைகளில், காளான் கிரீம் சூப்பை நான் குடிப்பதே இல்லை. அரை டின் பால் மட்டும் சேர்த்து, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிடுவேன். அது குழம்பாக இருக்கவே பிறந்தது. 1955இல் கேம்ப்பெல் நிறுவனத்தின் சமையல் கூடத்தில் டோர்காஸ் ரெய்லி அதைப் பீன்ஸோடு சேர்த்துச் செய்த பதார்த்தம் அமெரிக்காவில் இன்றும் பண்டிகை மேசைக்கு வருகிறது. கோழி நூடுல்ஸ் சூப்பில் நூடுல்ஸ் டின்னிலேயே குழைந்திருக்கும், அதனால் சூடு ஏறியதும் இறக்கி, மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் விட்டு உடனே சாப்பிட வேண்டும். பருப்பு சூப்புக்கு டின்னில் சொன்னதில் பாதித் தண்ணீர் போதும். காய்கறி சூப் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கேரட்டும் பட்டாணியும் ஒரே மாதிரி மெத்தென்று இருக்கின்றன.

கம்பியை எடுத்த நாள் மாலை தம்பி கேட்டதும் தக்காளி சூப்தான். ரொட்டித் துண்டை அதில் நனைத்து வாயில் வைத்தான். தாடை இறுகியிருந்ததால் ஒரு துண்டை மென்று முடிக்க வெகு நேரமாயிற்று. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது துண்டையும் அவனே பிய்த்து எடுத்துக்கொண்டான்.