படத்துக்குள் மாட்டிய எழுத்து

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் வெப் டிசைன் எடுத்தேன். கூடவே கன்டென்ட் ரைட்டிங்கும் சோஷியல் மீடியாவும் வந்தன. மூன்றும் மூன்று பக்கம் இழுக்கின்றன.

எங்கள் வீட்டில் சுங்குடிச் சேலைத் தொழில், துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுப்பது. முனிச்சாலைப் பக்கம் அப்பாவுக்குச் சாயப்பட்டறையும் சின்னக் கடையும் இருக்கின்றன. புராஜெக்ட்டுக்கு அந்தக் கடைக்கே ஒரு வெப் பக்கம் செய்தேன். கடை நோட்டீஸ் அடித்த டிடிபி சென்டரில் ஃபைலை வாங்கி ஒட்டினால் தமிழ் வரவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. நானே டைப் செய்தபோது வரிகள் ஒன்றோடொன்று இடித்தன. கடைசியில் எல்லாவற்றையும் கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் எழுதிப் படமாக ஏற்றிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

வகுப்பில் சொன்னபடி கீவேர்டெல்லாம் (தேடுகிறவர்கள் அடிக்கும் சொற்கள்) போட்டு 500 சொல்லில் ஒரு கட்டுரையும் எழுதினேன். படித்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம், அதிலும் பாதி என் வகுப்பு. பாட்டி முடிச்சுப் போடுவதை அரை நிமிட ரீலாகப் போட்டேன். பன்னிரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். பாட்டிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் விரலாலேயே அளந்து துணியைக் கிள்ளி நூலைச் சுற்றிவிடுவார். அச்சடித்த சுங்குடியில் புள்ளியெல்லாம் ஒரே அளவாக இருக்கும், கையால் முடிச்சுக் கட்டியதில் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது, தடவிப் பார்த்தாலே தெரியும் என்பார்.

எழுதுவதில் நேரம் போடுவது வீண்தானா? மூன்றில் எதைப் பிடித்துக்கொள்வது? பக்கத்தின் சுட்டியை அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

ச., மதுரை

அன்புள்ள ச.,

பக்கத்தைப் போனில்தான் பார்த்தேன். உங்கள் வாடிக்கையாளர்களும் அப்படித்தானே பார்ப்பார்கள். அந்த அரக்குச் சிவப்பு நன்றாக இருக்கிறது. அப்புறம் அதிலிருந்து ஒரு வரியை அப்படியே கூகுளில் அடித்துத் தேடினேன். உங்கள் பக்கம் வரவில்லை. வராததில் ஆச்சரியமும் இல்லை. அங்கே எழுத்து என்று எதுவுமே கிடையாது, எழுத்தைப் பிடித்த படங்கள்தான் இருக்கின்றன.

நம் ஊருக்கு இது கூடப்பிறந்த பழக்கம். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் போஸ்டர் அடித்து ஒட்டினால்தான் மதுரையில் மனசு ஆறும். கோரிப்பாளையத்தில் ஒட்டியதை அந்த வழியாகப் போகிறவர் தலையைத் திருப்பியாவது பார்த்துவிடுவார். இணையத்தில் உங்கள் சுவர் வழியாகச் சும்மா யாரும் போகப்போவதில்லை. எதையோ தேடுகிறவர்தான் வந்து சேரவேண்டும். படத்துக்குள் இருப்பதைத் தேடுபொறி எப்படியாவது படித்துக்கொள்ளும் என்று நம்பி உட்கார முடியாது.

பிரச்சினை தேடலோடு முடியவில்லை. பார்வையற்றவர்கள் கணினியில் படிக்க என்விடிஏ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கியது, தமிழையும் வாசிக்கும். உங்கள் பக்கத்தில் அதற்கு வாசிக்க ஒன்றுமில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் 'ஆல்ட்' விவரத்தைக்கூட நீங்கள் எழுதவில்லை. பக்கத்தின் எடையும் ஒரு பிரச்சினை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு வழக்கமாக 3 பைட் பிடிக்கும். உங்கள் 500 சொல் கட்டுரை முழுதும் 20 கேபிக்குள் அடங்கிவிடும். நீங்கள் ஏற்றிய முதல் படம் மட்டுமே 2 எம்பிக்கு மேல். உசிலம்பட்டி பஸ்ஸில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது அது திறப்பதற்குள் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

சரி, ஒட்டிய தமிழ் ஏன் அப்படி வந்தது? டிடிபிக்காரர் பாமினி மாதிரி ஒரு பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். அதில் திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் உருவம் கொடுத்து ஏமாற்றுகிற வேலை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். 1990களில் தமிழ் இணையம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. தளத்துக்கு ஒரு எழுத்துரு, அதை இறக்கி நிறுவினால்தான் படிக்கலாம். 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தும், அது சாதாரண வீட்டுக் கணினிவரை வந்து சேரப் பல வருடம் ஆனது.

அந்தக் குழப்பத்துக்கு நடுவேதான் 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் தொடங்கியது. பெயர்தான் நம் ஊருடையது. அதை ஒருங்கிணைத்த கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில், தட்டச்சு செய்த தன்னார்வலர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். பக்கங்களை ஸ்கேன் செய்து படமாகப் போட்டிருந்தால் வேலை எவ்வளவோ சுலபம். அவர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாக அடித்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். அதனால்தான் பின்னால் குறியீட்டு முறை மாறியபோது அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. இன்றைக்கு ஒரு பாட்டில் பாதி வரி ஞாபகம் இருந்தாலும் அடித்துத் தேடி மீதியைக் கண்டுபிடிக்கிறோமே, அதற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. நீங்கள் சௌகரியமாக யூனிகோடில் டைப் செய்துவிட்டு, அதைத் திரும்பப் படமாக்கி ஏற்றியிருக்கிறீர்கள். அதில்தான் எனக்கு வருத்தம்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. டிடிபி ஃபைலை மாற்றித்தர யூனிகோடு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு தடவை வாசித்துத் திருத்துங்கள். வரிகள் இடித்ததற்குக் காரணம் ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட். 'கீ'க்கு மேலே கொக்கி, 'மூ'வுக்குக் கீழே சுழி; தமிழுக்கு இரண்டு பக்கமும் மூச்சு விட இடம் வேண்டும். வரியின் உயரமான லைன் ஹைட்டை எழுத்தின் அளவைப்போல் 1.6 அல்லது 1.7 மடங்கு வைத்துப் பாருங்கள். இரண்டு ஓரமும் நேராக நிற்கும் ஜஸ்டிஃபை வேண்டாம். நம் சொற்கள் நீளம், போன் திரை குறுகல், நடுவில் பெரிய பெரிய ஓட்டை விழும். கூகுள் எழுத்துருக்களில் 'ஹிந்த் மதுரை' என்றே ஒன்று இருக்கிறது. ஊர்ப் பாசத்துக்காகச் சொல்லவில்லை, சின்னத் திரையில் நிஜமாகவே தெளிவாகத் தெரிகிறது.

கீவேர்டு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பக்கத்தின் தலைப்பகுதியில் நாற்பது கீவேர்டுகளை, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத மெட்டா டேக்கில் அடுக்கியிருக்கிறீர்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. பத்திக்குப் பத்தி 'மதுரை சுங்குடி சேலை' என்று திணிப்பதை ஸ்பாம் என்றே அவர்கள் விதி சொல்கிறது. பாடத்திட்டத்தில் இருந்தால் தேர்வில் எழுதுங்கள், பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி அந்தக் கட்டுரை. 'பாரம்பரியமிக்க', 'தரமான', 'காலத்தை வென்ற கைவண்ணம்' என்று போகிறது. விளக்குத்தூண் பக்கம் எந்த ஜவுளிக்கடைக்கு வேண்டுமானாலும் இதைப் பொருத்தலாம். இதைப் படிக்கப் பத்துப் பேர் வந்ததே அதிகம். ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில், போகிற போக்கில், முடிச்சுக் கட்டிய சுங்குடியையும் அச்சடித்ததையும் பிரித்தறிவது எப்படி என்று பாட்டி சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். சேலை வாங்கப்போகிற ஒருவர் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான். அந்தப் பத்தியைத் தூக்கிப் பக்கத்தின் உச்சியில் வையுங்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் அப்பாவிடம் கேட்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாயம் போகுமா, முதல் தடவை எப்படி அலசுவது, ஒரு சேலைக்கு முடிச்சுப் போட எத்தனை நாள், விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம், 2005இல் கிடைத்த புவிசார் குறியீட்டால் நடைமுறையில் ஏதாவது மாறியதா. அப்பா சொல்லும் பதிலை அவர் பேச்சிலேயே எழுதினால் போதும். இதெல்லாம் உங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. ஏஐயிடம் கேட்டால் மறுபடி 'பாரம்பரியமிக்க' என்றுதான் ஆரம்பிக்கும்.

மூன்றில் ஒன்று என்றால் எழுதுவதைத்தான் சொல்வேன். இலக்கியப் பற்றில் சொல்லவில்லை. பக்கம் வடிவமைக்கிறவருக்கும் ரீல் போடுகிறவருக்கும் முதலில் கையில் சொல்வதற்கு ஏதாவது வேண்டும். அது எழுதும்போதுதான் தெளியும்.

ரீல் நன்றாக இருக்கிறது, அதை விடவேண்டாம். (பாட்டியிடம் கேட்டுத்தானே போட்டீர்கள்?) ஆனால் பார்த்த பன்னிரண்டாயிரம் பேரும் அதற்குப் பிறகு எங்கே போவது? கீழே இருபது ஹேஷ்டேக் தவிர ஒன்றுமில்லை. அங்கே இரண்டு வாக்கியம் எழுதுங்கள், புரொஃபைலில் கடைப் பக்கத்தின் சுட்டியைக் கொடுங்கள். விஷயம் மட்டும் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014இல் மூடிப்போனது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது அதையே நம்பி இருந்தவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களிலும் எத்தனையோ பேர்.

ஒன்று விட்டுப்போனது. கடையின் போன் நம்பரும் படத்துக்குள்தான் இருக்கிறது. விரலால் தொட்டால் அழைப்பு போகவில்லை, காப்பி செய்யவும் வரவில்லை. ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு அடிக்க வேண்டியிருந்தது. மற்றதை மெதுவாகச் செய்யலாம், இதை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.