முதலில் அந்தக் காலரைக் கழற்றி வையுங்கள்

கேள்வி: வயது 41. வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறேன். நாள் முழுக்க செல்போனும் கையுமாகத்தான் இருப்பேன். மூன்று மாதமாகப் பிடரியிலிருந்து வலது தோள்பட்டை வரை வலி. எக்ஸ்ரேயில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். தெரிந்தவர் சொன்னதால் காலர் போட்டிருக்கிறேன். போனை விட்டால் வியாபாரம் இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் காலரைக் கழற்றி வையுங்கள். அடிபட்ட கழுத்துக்கும் சில அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் தேவைப்படும் பொருள் அது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தசைவலி போலத்தான் தெரிகிறது. நாள்கணக்கில் காலர் போட்டால் தசைக்கு வேலையில்லாமல் இன்னும் பலவீனமாகும். எக்ஸ்ரேக்கும் பயப்படாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் கழுத்துவலியே இல்லாத பலருக்கும் படம் எடுத்தால் தேய்மானம் தெரியும்.

தலையின் எடை சுமார் 5 கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பையை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் நிமிர்ந்த தலைக்கும் குனிந்த தலைக்கும். 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் இறங்கும் என்று 2014இல் ஓர் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் சொன்னது இன்றும் சுற்றுகிறது. அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. அதை நினைத்துக் கலங்க வேண்டாம். குனிவதைவிட, குனிந்தபடியே அசையாமல் இருப்பதுதான் தசையை அதிகம் படுத்துகிறது.

சேலையை மடித்துக்கொண்டே, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிப் பேசுகிறீர்களா? வலி வலது பக்கம் மட்டும் இருப்பதால் கேட்கிறேன். அப்படியென்றால் இன்றே இயர்போன் வாங்குங்கள். ஆர்டர்களுக்குப் பதில் போட போனை ஒரு ஸ்டாண்டில் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். நீளமான பதிலைக் குரல்பதிவாக அனுப்பிவிடலாம். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றுங்கள். இரவில் தலையணையை அடுக்கிப் படுத்துக்கொண்டு போன் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டே ஆக வேண்டும்.

அப்புறம் ஒரு பயிற்சி. நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பாருங்கள். தலையைக் குனியாமல் தாடையை அப்படியே பின்னால் இழுங்கள். கண்ணாடியில் பார்த்தால் இரட்டைத் தாடை விழ வேண்டும். விழவில்லை என்றால் குனிகிறீர்கள் என்று அர்த்தம். ஐந்து வினாடி நிறுத்தி, பத்து முறை, காலையும் மாலையும் செய்யுங்கள். அசௌகரியமாக இழுத்தால் பரவாயில்லை. கைக்கு வலி இறங்கினால் நிறுத்திவிடுங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். கழுத்தைச் சொடுக்கி நெட்டி முறிப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகிறது.

மூன்று மாதமாகிவிட்டதால் ஒருமுறை எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ நேரில் காட்டுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போவது அதிகம். கை மரத்துப்போனாலோ, பிடியிலிருந்து பொருள் நழுவினாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, வலியோடு காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தாலோ தாமதிக்காதீர்கள். மாடிப்படி ஏறும்போது வந்து, நின்றால் அடங்குகிற தோள்வலி வேறு ரகம். அதற்குக் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்காமல் அன்றே போய் ஈசிஜி எடுத்துப் பாருங்கள். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் 108ஐ அழையுங்கள்.