வசந்தகாலத் தேன்பெட்டி: கேள்வியும் பதிலும்

குளிர் விலகிப் பூ தொடங்கியதும் கேள்விகள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் வீட்டோடு நாலைந்து பெட்டி வைத்துக் குடும்பமாகப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்டவை. பதிலுக்குப் போகும் முன் மூன்று எண்கள்: முட்டையிலிருந்து முழுத் தேனீயாக வெளியே வர ராணிக்கு 16 நாள், பணித்தேனீக்கு 21 நாள், ஆண் தேனீக்கு 24 நாள். இது இத்தாலியத் தேனீயின் கணக்கு. இந்தியத் தேனீயில் பணித்தேனீ இன்னும் சற்று முன்னதாகவே வந்துவிடும். இதை மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். வசந்தகாலக் குழப்பங்களில் பாதி, நாளைப் பின்னோக்கி எண்ணினாலே தெளிந்துவிடும்.

அக்கா, பூ வந்துவிட்டது. பெட்டியை முதல் தடவை எப்போது திறப்பது?

முதலில் வாசலுக்குப் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பின்னங்கால்களில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் தொடர்ந்து உள்ளே நுழைந்தால், உள்ளே புழு வளர்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பிறகு பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். சிரமமில்லாமல் எழும்பினால் தேன் தீர்ந்துகொண்டிருக்கிறது.

திறப்பதற்குக் காற்றில்லாத, வெயில் அடிக்கும் நண்பகல் வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே திறக்காதீர்கள். புழு இருக்கும் இடத்தைத் தேனீக்கள் 35 டிகிரியை ஒட்டி வைத்துக் காக்கின்றன. தேனடை கட்டிய மரச்சட்டத்தை வெளியே பிடித்துக்கொண்டு குடும்பமே நின்று ரசித்தால் புழு விறைத்துவிடும். முதல் பார்வையில் இரண்டே விஷயம்: சாப்பாடு இருக்கிறதா, முட்டை இருக்கிறதா. பார்த்தவுடன் மூடிவிடுங்கள்.

குளிர்காலம் முழுக்கத் தாங்கிய கூட்டம், பூ தொடங்கிய பிறகு செத்துவிட்டது. நிறைய தேனீக்கள் அடையின் மெழுகு அறைக்குள் தலையை விட்டபடியே செத்துக் கிடந்தன. என்ன நோய்?

மனசுக்குக் கஷ்டமான காட்சி அது. நோய் இல்லை, பட்டினி. அறையின் அடியில் மிச்சம் இருக்கும் தேனை நக்க உள்ளே போனவை அப்படியே நின்றுவிட்டன. குளிரில் கூட்டம் குறைவாகச் சாப்பிடும். வசந்தம் வந்து ராணி முட்டையைக் கூட்டியதும் புழுவுக்கு ஊட்டவும் கூட்டைச் சூடாக வைக்கவும் தேன் மளமளவென்று கரையும். அந்த நேரம் பார்த்து நாலு நாள் மழை பிடித்தால் வெளியே போகவும் முடியாது. அதனால்தான் ஆபத்து குளிரின் நடுவில் இருப்பதைவிட அதன் முடிவில் அதிகம்.

தேன் குறைவாகத் தெரிந்தால் சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கலந்து பாகு வையுங்கள். எங்கிருந்தோ வாங்கிய தேனை மட்டும் ஊட்டாதீர்கள். புழு அழுகல் நோயின் வித்துகள் அதில் இருக்கலாம்; அவை பல பத்தாண்டுகள்கூடச் சாகாமல் கிடக்கும். அறுவடைக்கான மேல்பெட்டி ஏற்றிய பிறகு பாகும் கூடாது, அது தேனோடு கலந்துவிடும்.

பாகு வைத்த மறுநாள் வாசலில் ஒரே கூட்டம், ஒரே இரைச்சல். கொள்ளையா, கூட்டம் இரண்டாகப் பிரிந்து போகிறதா?

எப்படிப் பறக்கின்றன என்று பாருங்கள். பெட்டியைப் பார்த்தபடி மேலும் கீழும் மிதந்து, சிறு வட்டமாகச் சுற்றி, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் அவை இடத்தை அடையாளம் பிடித்துக்கொள்ளும் இளம் தேனீக்கள். வெயிலான மதியங்களில் தினமும் நடக்கும். சந்தோஷப்படுங்கள்.

வேறு கூட்டத்துத் தேனீக்கள் தேனைத் திருட வரும் கொள்ளை வேறு மாதிரி. வாசலில் கட்டிப்பிடித்துச் சண்டை, கீழே பிணங்கள், மூடி இடுக்கை மோப்பம் பிடிக்கும் வெளித்தேனீக்கள். உடனே வாசலை ஓரிரு தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள். இனிமேல் பாகை மாலையில், பெட்டிக்கு உள்ளே, வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் வையுங்கள்.

ராணி கண்ணில் படவே மாட்டேன் என்கிறாள். இருக்கிறாளா இல்லையா?

அவளைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, வெளிச்சம் அறையின் அடிவரை விழுமாறு சட்டத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். முதல் நாள் முட்டை நிமிர்ந்து நிற்கும், அடுத்த நாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். அறைக்கு ஒரு முட்டை, நடு அடியில் இருந்தால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே வந்து போயிருக்கிறாள். ஓர் அறையில் மூன்று நாலு முட்டை, அதுவும் பக்கச்சுவரில் ஒட்டியிருந்தால் அது பணித்தேனீ இட்டது. ராணி போய் வெகுநாள் ஆகிவிட்டது.

சட்டத்தின் அடியோரத்தில், புது ராணி வளரும் ராணி அறைகள் தொங்குகின்றன. எல்லாவற்றையும் கிள்ளிப்போட்டால் கூட்டம் பிரியாதா?

இதில்தான் அதிகக் கூட்டங்களை இழக்கிறோம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் அது என்ன அறை என்று பார்க்க வேண்டும். வெறும் கிண்ணம் மட்டும் இருந்து உள்ளே முட்டையோ புழுவோ இல்லையென்றால் கவலை வேண்டாம். அடையின் நடுப்பகுதியில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் சோர்ந்த ராணியை மாற்றப் பார்க்கிறார்கள், தொடாதீர்கள். அடியோரங்களில் பத்துப் பதினைந்து, நிலக்கடலைக் காய் போலத் தொங்கினால் அது பிரியும் முடிவு.

கிள்ளுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்வதில்லை. ஏதாவது ஒரு மூலையில், தேனீக் கொத்துக்குப் பின்னால் ஒன்று தப்பிவிடும். தப்பாவிட்டாலும் மறுபடி கட்டுவார்கள். அதைவிட மோசம், கூட்டம் ஏற்கெனவே போயிருந்தால் நீங்கள் கிள்ளுவது அவர்களின் கடைசி ராணியை. ராணி அறை ஏறக்குறைய எட்டாம் நாள் மூடப்படும். அதை ஒட்டித்தான் பழைய ராணி பாதிக்கும் மேற்பட்ட தேனீக்களோடு கிளம்புகிறாள். ஆகவே மூடிய ராணி அறை இருக்கிறது, முட்டை எங்கும் இல்லை, தேனீயும் குறைந்திருக்கிறது என்றால் எதையும் கிள்ளாதீர்கள்.

இன்னும் போகவில்லை என்றால் நாமே பிரித்துவிடுவோம். பழைய ராணியை இரண்டு மூன்று புழுச் சட்டம், ஒரு தேன் சட்டம் ஆகியவற்றோடு புதுப்பெட்டிக்கு மாற்றுங்கள். தீனி தேடிப் போகும் மூத்த தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பதால் இன்னும் இரண்டு சட்டத்து இளம் தேனீக்களைப் புதுப்பெட்டிக்குள் உதறிவிடுங்கள். பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றோ இரண்டோ போதும். அந்தச் சட்டத்தை மட்டும் உதறவோ தலைகீழாகத் திருப்பவோ கூடாது, உள்ளே இருக்கும் புழு அடிபட்டுவிடும்.

பூக்காலம் முழுக்க ஏழு நாளுக்கு ஒரு முறை பாருங்கள். அந்த இடைவெளியில் பார்த்தால் ராணி அறை மூடுவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

முட்டைச் சட்டம் வைத்து ராணி இல்லாமல் பிரித்தேன். 18 நாள் ஆகிறது, முட்டையே இல்லை. வேறு ராணி வாங்கவா?

பொறுங்கள். ராணியாக வளர்க்கத் தேனீக்கள் இளம் புழுவைத் தேர்ந்தெடுத்திருந்தால் ராணி வெளிவந்தே ஓரிரு நாளிலிருந்து ஒரு வாரம் வரைதான் ஆகியிருக்கும். உடல் உறுதிப்பட ஐந்தாறு நாள், நல்ல வெயில் வந்ததும் பறந்து பல ஆண் தேனீக்களோடு சேர்க்கை, பிறகு இரண்டு மூன்று நாள் கழித்து முட்டை. மொத்தம் நாலு வாரம் வரை ஆகும், மழை பிடித்தால் இன்னும் கூட. அதுவரை மதிய வேளையில் பெட்டியைத் திறக்காதீர்கள். வெளியே போன ராணி திரும்பும் நேரம் அது, வழி தவறினால் எல்லாம் போச்சு.

நாலு வாரம் கழிந்தும் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த பெட்டியிலிருந்து முட்டையும் சின்னப் புழுவும் உள்ள ஒரு சட்டத்தைக் கொடுங்கள். சில நாளில் அதில் ராணி அறை கட்டினால் ராணி இல்லை. கட்டாவிட்டால் எங்கோ ஒருத்தி இருக்கிறாள்.

மேல்பெட்டி எப்போது ஏற்றுவது?

கீழ்ப்பெட்டியில் பத்துக்கு ஏழெட்டுச் சட்டம் தேனீயால் மூடியதும். பூ வந்த பிறகு யோசிப்பதைவிடக் கொஞ்சம் முந்துவது நல்லது. இட நெருக்கடிதான் பிரியும் எண்ணத்தைத் தூண்டும் பெரிய காரணம்.

தேனீயில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இத்தாலியத் தேனீ வைத்திருந்தால் கட்டாயம் பாருங்கள். புழுச் சட்டத்திலிருந்து, ராணி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அரைக் கோப்பை தேனீயை வலைமூடி போட்ட ஜாடியில் எடுங்கள். அது ஏறக்குறைய 300 தேனீ. இரண்டு மேசைக்கரண்டி பொடிச்சர்க்கரை போட்டு உருட்டி, ஓரிரு நிமிடம் வைத்து, வெள்ளைத் தட்டில் குலுக்குங்கள். உண்ணிகள் பழுப்புப் புள்ளிகளாக விழும். ஒன்பது விழுந்தால் நூற்றுக்கு மூன்று. அந்த அளவில் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இந்தியத் தேனீயில் வரோவா உண்ணி ஆண் புழு அறையில் மட்டுமே பெருகும், அதனால் அந்தக் கூட்டம் தாக்குப்பிடித்துக்கொள்ளும்.

குழந்தைகளையும் வேலையில் சேர்க்கலாமா?

தாராளமாக. முகவலை, முழுக்கை உடை போட்டுப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். வாசல் பார்ப்பது, நோட்டில் தேதி எழுதுவது அவர்கள் வேலையாக இருக்கட்டும். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே வழித்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் புகை காட்டிவிட்டு விலகுங்கள். கொட்டிய இடத்தில் எழும் பழுத்த வாழைப்பழ வாசம் மற்ற தேனீக்களுக்கு அபாய அறிவிப்பு. மூச்சுத்திணறல், முகவீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, மயக்கம், இதில் எது வந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளித் தேனும் கொடுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நம் தேனீக்கள். சண்டை வரும் போலிருக்கிறது.

ஓர் இடம் பழகிவிட்டால் மாற்றுவது கடினம். அதனால் பூக்காலம் தொடங்கும் முன்பே உங்கள் பக்கம் ஆழமில்லாத தட்டில், உட்காரக் கூழாங்கல் போட்டு, வெயில் படும் இடத்தில் தண்ணீர் வையுங்கள். ஒரு நாளும் வற்றவிடாதீர்கள். இந்த வருடத்துக்குப் பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய்ப் பேசி, தொட்டிக்கு நீங்களே ஒரு மெல்லிய வலை மூடி போட்டுக்கொடுங்கள். அப்படியே அவர்கள் தோட்டத்தில் மருந்து அடிப்பதாக இருந்தால் பூவில் அடிக்காமல், தேனீ அடங்கிய மாலையில் அடிக்கும்படியும், முதல் நாளே சொல்லும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.