பேட்டரிக் கத்தரியும் ரம்பமும்: தோட்டத்துக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பேட்டரியால் ஓடும் கவாத்துக் கத்தரி, கைரம்பம், வேலி வெட்டும் கருவி ஆகியவை வேகமாகப் பரவி வருகின்றன. ஆள் கிடைக்காத பருவத்தில் இவை பேருதவி என்பதில் ஐயமில்லை. பெட்ரோல் எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்பதைக் காதே சொல்லிவிடும். பேட்டரிக் கருவியோ சத்தமில்லாமல் தயாராக இருக்கும். வந்திருக்கும் கேள்விகளில் பல இந்த வேறுபாட்டிலிருந்தே பிறந்தவை.

முருங்கைக் கவாத்துக்குப் பேட்டரிக் கத்தரி வாங்கியிருக்கிறேன். இடது கை விரல் போய்விடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கையுறை போட்டால் போதுமா, ஐயா? (மூலனூர்)

போதாது. 25 முதல் 30 மில்லிமீட்டர் கனமுள்ள பச்சைக் கிளையை ஒரே அழுத்தில் துண்டிக்கும் கத்திக்கு விரல் எலும்பு ஒரு பொருட்டே அல்ல. சாதாரணத் தோல் கையுறை முள்ளைத்தான் தடுக்கும். கிளையைப் பிடிக்கும் கை, கத்தியிலிருந்து ஒரு முழமாவது தள்ளியிருக்க வேண்டும். அவ்வளவு நீளம் இல்லாத சிம்பைப் பிடிக்காமலேயே வெட்டுங்கள்; அது தானாகக் கீழே விழட்டும்.

விசையை அழுத்தும் அளவுக்கு ஏற்பக் கத்தி மெல்ல மூடும் முறையும், தொட்டவுடன் முழுவதுமாக மூடும் முறையும் பல கத்தரிகளில் உண்டு. கை பழகும்வரை முதல் முறையை மட்டுமே பயன்படுத்துங்கள்.

எனக்குக் கவலை தருவது வெட்டும் நேரத்தைவிடக் கத்தரி சிக்கிக்கொள்ளும் நேரம். முருங்கைப் பட்டை நாராக உரிந்து இரண்டு அலகுகளுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். ஒரு விரல் விசையின் மேல் இருக்க, மறுகை விரலால் நாரை இழுப்பது அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றக்கூடியதே. பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்த பிறகுதான் நாரில் கை படலாம். அறுவடை முடிந்து செடி முருங்கையைத் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிடும்போது, அந்த இடத்தில் தண்டு கத்தரியின் வாய்க்கு அடங்காது. அதைக் கத்தரியால் கடித்துக் கடித்து வெட்டாமல் ரம்பத்தால் அறுங்கள்.

'48 வோல்ட்' என்று போட்ட 6 அங்குலச் சங்கிலி ரம்பம் வைத்திருக்கிறேன். சார்ஜர் கெட்டுவிட்டது, 48 வோல்ட் சார்ஜர் வாங்கலாமா? எடை குறைவாக இருப்பதால் ஏணியில் நின்று ஒரு கையால் அறுக்கலாம் அல்லவா? (பல்லடம்)

இரண்டும் வேண்டாம். பழைய சார்ஜரைத் திருப்பி, 'அவுட்புட்' என்று எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 21 வோல்ட் என்றுதான் இருக்கும். ஒரு லித்தியம் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் 21. மேலே பெரிதாக அச்சிட்ட எண் விற்பனைக்காகப் போட்டதாக இருக்கலாம். அதை நம்பி 48 வோல்ட் சார்ஜரைச் செருகினால் பேட்டரி தீப்பிடிக்கலாம். அந்தக் கருவிக்கென்றே விற்கும் சார்ஜரை மட்டும் வாங்குங்கள்.

சங்கிலி ஓடும் தகட்டின் நுனியில், மேல் கால்பகுதி மிகவும் ஆபத்தான இடம். அந்தப் பகுதி மரத்திலோ பக்கத்துக் கிளையிலோ பட்டால் ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளி வரும். பெரிய ரம்பங்களில் அப்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக் இருக்கிறது; விலை குறைந்த சிறிய ரம்பங்கள் பலவற்றில் அது கிடையாது. எனவே உங்கள் இரண்டு கைகள்தான் பிரேக். ஏணியில் நின்றால் ஒரு கை பிடிமானத்துக்குப் போய்விடுகிறது. தரையில் நின்று எட்டாத கிளையை மரம் ஏறத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

கனமான கிளையை முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது, ரம்பமும் சிக்காது. சங்கிலியைப் பேட்டரி இல்லாமல் கையால் இழுத்துப் பாருங்கள்: தடையின்றி ஓட வேண்டும், ஆனால் தகட்டின் காடியை விட்டுத் தொங்கக் கூடாது. தானாக எண்ணெய் விடாத ரம்பத்துக்கு இடையிடையே நீங்கள்தான் விட வேண்டும். கண்ணாடி அணியாமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றியுள்ள கிளுவை உயிர்வேலியைப் பேட்டரிக் கருவியால் வெட்டலாமா? (காங்கேயம்)

இளங்கிளைகளை வெட்டலாம்; கட்டை விரலுக்கு மேல் தடித்தவற்றுக்கு அரிவாளோ ரம்பமோதான் சரி. வெட்டுவதற்கு முன் வேலியோரமாக ஒருமுறை நடந்து, உள்ளே பழைய முள்கம்பி புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டி ஆடுகள் வேலிக்கு மறுபுறம் தழைக்காக வந்து நிற்கும். அவற்றை முதலில் வேறு பக்கம் ஓட்டிவிடுங்கள். பற்களில் பிசின் படிந்து கத்தி இறுகினால், பேட்டரியைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள்.

அலுமினியக் கழியில் பொருத்திய ரம்பத்தால் தென்னை மட்டை அறுக்கிறோம். 21 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே? (பொள்ளாச்சி)

ஆபத்து பேட்டரியில் இல்லை. மரத்தை ஒட்டிப் போகும் ஈ.பி. லைனில் இருக்கிறது. அலுமினியக் கழி கம்பியில் பட்டால் உயிர் போகும். நாரிழை (ஃபைபர்) கழியாக இருந்தாலும், ஈரமும் அழுக்கும் பட்டால் அது காப்பாற்றாது. பச்சை மட்டை கம்பியில் சாய்ந்தாலே மின்சாரம் அதன் வழியே இறங்கும். லைன் அருகில் இருக்கும் மரத்துக்கு மின்வாரியத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை செய்யுங்கள். மற்ற மரங்களிலும் மட்டைக்கு நேர் கீழே நிற்காமல் கழியைச் சாய்த்துப் பிடித்து விலகி நில்லுங்கள், தலைக்கவசமும் அவசியம்.

மோட்டார் ரூமில் இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு வரலாமா? (கோபி)

கூடாது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. சித்திரை வெயிலில் சிமெண்ட் அட்டைக் கூரைக்குக் கீழே பகலில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். இரவில் அறை ஆறினாலும் பார்க்க ஆள் இருப்பதில்லை. சாக்கும் எண்ணெய்த் துணியும் பக்கத்திலேயே கிடக்கும். வேலை முடிந்த பேட்டரியை அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, வீட்டில் கண் பார்வையில், வெறும் சிமெண்ட் தரையில் வைத்து சார்ஜ் செய்யுங்கள். பல வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

உப்பிய, விழுந்து விரிசல் விட்ட, வாய்க்கால் நீரில் நனைந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்; வீட்டுக்கு வெளியே தனியாக வையுங்கள். தீப்பிடித்தால் புகையைச் சுவாசிக்காமல் விலகி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தள்ளி நின்று ஏராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் தீ பரவாமல் தடுக்குமே தவிர உள்ளிருக்கும் சூட்டைத் தணிக்காது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. எனவே வாங்கிய கடையில் கேளுங்கள். பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள்.

களை வெட்டும் கருவியில் நைலான் நரம்பு அடிக்கடி அறுகிறது. இரும்புச் சங்கிலித் தலை மாட்டலாமா? (தாராபுரம்)

மாட்டவே மாட்டாதீர்கள். சுழலும்போது அறுந்த கண்ணி தோட்டா போலப் பாயும். இத்தகைய தலையால் ஓர் உயிரிழப்பு நேர்ந்தபின் ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் இவற்றின் விற்பனையைத் தடை செய்தது. உங்கள் கருவியின் கையேடு அனுமதிக்கும் கனத்தில் நல்ல நரம்பு வாங்குங்கள்; கல்லும் வேலிக்காலும் உள்ள ஓரங்களைக் கொத்தால் செதுக்குங்கள். நரம்பால் வெட்டும்போதும் 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது.