மாமாவிடம் 17சி இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

வீட்டில் ஓயாத சண்டை. என் மாமா ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட். 2024 மக்களவைத் தேர்தல் முதல் கட்டத்தில் அன்று இரவு சொன்ன சதவீதம் பதினொரு நாள் கழித்து ஏறிவிட்டது, இடையில் ஓட்டைப் புகுத்திவிட்டார்கள் என்கிறார். தோற்றவன் புலம்பல் என்கிறார் அப்பா. இயந்திரத்தை ஹேக் செய்ய முடியுமா? ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு எண்ணும்போது சில இயந்திரங்களின் பேட்டரி 99 சதவீதம் காட்டியதே, அது எப்படி? யாரை நம்புவது?

ஒரு கல்லூரி மாணவன்,
விருத்தாசலம்

தம்பி,

இரண்டு பேருக்கும் நடுவில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான், புரிகிறது. பேட்டரியை விடுங்கள். மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்வரை திரை 99 என்றே காட்டும் என்று தேர்தல் ஆணையம் விளக்கம் சொல்லிவிட்டது. ஹேக் பேச்சும் வேண்டாம். 2009இல் தோற்றபோது பாஜகவின் அத்வானி இயந்திரத்தைச் சந்தேகித்தார், இப்போது காங்கிரஸ் சந்தேகிக்கிறது.

மாமா சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. ஏப்ரல் 19 இரவு ஏழு மணிக்குச் சொன்னது 60க்குச் சற்று மேல். 30ஆம் தேதி வந்தது 66.14. முதலாவது, சாவடிகளிலிருந்து கேட்டுச் சேர்த்த உத்தேசக் கணக்கு. ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி டோக்கன் கொடுப்பார்கள். அவர்கள் போட்டு முடிக்க எட்டு, ஒன்பது மணிகூட ஆகும். எனவே எண் ஏறத்தான் செய்யும். எவ்வளவு ஏறலாம் என்பதற்குச் சாட்சி, சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் படிவமான 17சி.

கடைசி வாக்காளர் போட்டதும் தலைமை அலுவலர் 'க்ளோஸ்' பொத்தானை அழுத்துவார், பிறகு 'டோட்டல்'. திரையில் வரும் எண்ணைப் படிவம் 17சியின் முதல் பகுதியில் எழுதுவார். 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களில், போட மறுத்தவர்களையும் விதிமீறலுக்காகப் போட விடாதவர்களையும் கழித்தால் அதே எண் வர வேண்டும். காலையில் மாதிரி வாக்குப்பதிவில் போட்ட ஐம்பது ஓட்டை 'க்ளியர்' செய்ய மறந்திருந்தால் அந்த ஐம்பதும் இங்கே கூடுதலாக வந்து நிற்கும். தேர்தல் நடத்தை விதி 49எஸ் படி, முடியும்போது அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் இதன் உண்மை நகலைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். கேட்டால் கொடு என்றல்ல, கொடு என்றே விதி.

அங்கே இருக்கும் ஏஜென்டுக்கு! ஐந்தரை மணிக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு கிளம்பியவருக்கு அல்ல. இருந்தவர்களும் இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட் வரிசை எண், பச்சைத் தாள் சீல் எண், அலுவலர் கையெழுத்து மூன்றையும் சரிபார்க்காமல் மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள். போன் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் படமும் கிடையாது. வியர்வையில் மை கரைந்தால் போனது போனதுதான்.

எண்ணும் நாளில் அந்தத் தாள் மேசையில் இருக்க வேண்டும். வழக்கமாகச் சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேசை. 37ஆம் பூத் மூன்றாம் சுற்றில் ஒன்பதாம் மேசைக்கு வரும். அந்த வரிசையிலேயே நகல்களை அடுக்கி வைத்துக்கொண்டு, 'ரிசல்ட்' பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இயந்திர எண்ணையும் மொத்தத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரு ஓட்டு வித்தியாசம் இருந்தாலும் அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். டிவி விவாதத்தில் அல்ல. தோற்றபின் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட 45 நாள்தான். வக்கீல் முதலில் கேட்பதும் இந்த நகலைத்தான்.

இதுவே எல்லாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். யாருக்கு எத்தனை என்பதை ஏஜென்டுக்குக் கிடைக்கும் 17சி நகல் சொல்லாது, அதைச் சரிபார்க்க, போட்ட ஓட்டு யாருக்கு என்று அச்சாகி விழும் விவிபாட் சீட்டு. அதையும் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளில்தான் எண்ணுகிறார்கள். போலி வாக்காளர் பட்டியலையும் 17சி பிடிக்காது. ஆனால் "இரவில் ஏற்றிவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டை அடித்துச் சொல்லவோ உடைக்கவோ இதைவிட மலிவான ஆயுதம் கிடையாது.

உங்கள் அப்பாவும் குதிக்க வேண்டாம். பத்தரை லட்சம் சாவடிகளின் எண்ணும் ஆணையத்திடம் இருந்தது. ஏஜென்ட் தவிர வேறு யாருக்கும் 17சி கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்கள். வழக்கு நடந்த பிறகு மே 25 அன்றுதான் ஐந்து கட்டங்களின் ஓட்டு எண்ணிக்கையை வெளியிட்டார்கள். அன்றன்று இரவே சாவடி வாரியாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருந்தால் உங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது. இது சோம்பலா, திமிரா என்று அப்பா யோசிக்கட்டும்.

மாமாவிடம் போய் 2024 நகலைக் கேளுங்கள். எடுத்துக் கொடுத்தால் அதிலுள்ள மொத்தத்தையும், எண்ணும் மையத்தில் அந்தச் சாவடிக்கு எழுதிய மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இல்லை என்றால், அன்று எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார் என்று அத்தையிடம் கேளுங்கள்.